முதலில் பேச வேண்டியது யார்

எனக்குக் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிற மனிதர் அவர். நான் சத்தம் போட ஆரம்பித்தால் எழுந்து போய் ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு, திரும்ப வந்து பேப்பர் படிப்பார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தினால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் கிடையாது. சென்னையில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவள் நான். பிறந்த ஊரிலேயே கம்ப்யூட்டர் வேலை, நடந்துபோகிற தூரத்தில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை, கோயில் விட்டு வந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு. இதற்கு மேல் ஆண்டவரிடம் கேட்டால் அவரே முறைப்பார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி. ஐந்தாறு பேர். தலைமை அலுவலகம் சென்னையில், நாங்கள் கிளை. நாங்கள் தயாரிப்பது வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேர். ஒரு கோப்பை இன்றைக்கு ஒருவர் திருத்துகிறார், நாளைக்கு இன்னொருவர் திருத்துகிறார். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து, போன மாதம் இருந்தது மாதிரியே வேண்டும் என்று கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் பார்க்கிறேன் என்பது வீட்டுக்காரரின் கிண்டல்.

எங்கள் கிளையை நம்பி இருந்த பெரிய வாடிக்கையாளர் திசையன்விளையில் ஓர் அண்ணாச்சி. காற்றாலை நிறுவப்போகிற நிலத்தை டிரோன் விட்டுப் படம் பிடித்து, வரைபடம் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் வைத்திருந்தார். படம் ஒவ்வொன்றும் யானை கனம். அப்படியே உள்ளே போட்டால் எங்கள் சாஃப்ட்வேர் மூச்சுத் திணறும். அதனால் படம் உள்ளே போகும்போது சுருக்கவும், வெளியே வரும்போது விரிக்கவும் தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. அதற்குப் பெயர் ஃபில்டர். எங்கள் சாஃப்ட்வேருக்கு வெளியே இருப்பது; கூப்பிட்டால் வந்து வேலை செய்துவிட்டுப் போவது.

அந்தக் கூப்பிடுவதில்தான் வினை. ஒரு படத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை எழுப்பி, அது கண்ணைக் கசக்கி எழுந்து, ஒரு படத்தை விரித்துக் கொடுத்து, செத்துப்போகும். அடுத்த படத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பைப் பற்றவைத்து, கல்லைக் காயவைத்து, ஒரு தோசை சுட்டதும் அடுப்பை அணைத்தால் எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்கான படங்களுக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. 

அண்ணாச்சி போனில் கூப்பிடுவார். "யம்மா, உங்க சாஃப்ட்வேர் ஓடுதா, ஒறங்குதா? காலையில தட்டி விட்டுட்டு டீக்கடைக்குப் போனேன். ரெண்டு வடை தின்னு, ஊர்க்கதை எல்லாம் பேசிட்டு வந்தா இன்னும் அங்கனயே நிக்கி."

"சரி பண்ணிருவோம் அண்ணாச்சி."

"இதையேதான் தீவாளிக்கும் சொன்னிய. எனக்கு வேற கம்பெனிக்காரன் வந்து காட்டிட்டுப் போயிருக்கான். சொல்லலைன்னு சொல்லப்படாது."

அவர் சொன்னது அப்படியே சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். "மேடம், அந்தக் கஸ்டமர் போயிட்டார்னா அங்க பிராஞ்ச் வச்சிக்கிறதுல அர்த்தமே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, நீங்க வீட்லேர்ந்து வேலை பாக்கலாம். மத்தவங்களைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

மற்றவர்களில் மூன்று பேர் சின்ன வயது. சென்னை என்றால் இன்றைக்கே பெட்டி கட்டுவார்கள். மிச்சம் இருந்தது ஒருவர். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிடச் சின்னவர் என்பதால் எனக்குத் தம்பி, அவருக்கு நான் அக்கா. எட்டு வருஷம் துபாயில் இருந்தவர். அவர் விமானம் ஏறும்போது மகள் கைக்குழந்தை. நடக்கப் பழகியது, பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடியது எல்லாவற்றையும் போன் திரையில்தான் பார்த்தார். போதும் என்று போன வருஷம் வந்துவிட்டார். பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. கிளையை மூடினால் அவர் மறுபடியும் துபாய் போக வேண்டியதுதான். அங்கே ஒரு கூட்டாளி இடம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டபடியே இருந்தார்.

"பெங்களூர் போவலாம்லா தம்பி?" என்று கேட்டேன்.

"பெங்களூர்னாலும் பிள்ளையைப் போன்லதான்க்கா பாக்கணும். அதுக்கு துபாய்க்கே போயிரலாம்."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கீழே மருந்துக்கடைக்காரர் பைக்கை வழியில் நிறுத்தியதற்காக அவரைப் பிடித்துச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

வழி எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஃபில்டரை ஒரு தடவை எழுப்ப வேண்டும். வேலை முழுக்க முடிகிறவரை அது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு படம் போகும், விரிந்து வரும், அடுத்தது போகும். அடுப்பு ஒரு தடவை பற்றினால் கடைசித் தோசை வரை எரியும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் செத்துச் செத்துப் பிழைக்கிற ஃபில்டருக்கு ஒரு வசதி இருந்தது. அது செத்தாலே வேலை முடிந்தது என்று அர்த்தம். உயிரோடு உட்கார்ந்திருக்கிற ஃபில்டரிடம் ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது, நல்லபடியாக முடிந்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் எப்படிப் பேசிக்கொள்வது என்ற ஒழுங்குதான் புரோட்டோகால். அதை வகுக்கத்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். எங்கள் சாஃப்ட்வேரின் பக்கம் என்னுடையது. ஃபில்டரின் பக்கம் அவருடையது.

நல்ல நாட்கள் அவை. இப்போது நினைத்தாலும் மனது நிறைகிறது. காலையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வந்ததே தெரியாது. நான் சொதி கொண்டுபோனால் அவர் பாதியைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார்; அவர் நெய்ச்சோறு கொண்டுவந்தால் நான் கேட்காமலே எடுத்துக்கொள்வேன். பேச்சு முழுக்க புரோட்டோகால்தான். படத்தைத் துண்டு துண்டாக அனுப்புவது, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். நீளம் பூஜ்ஜியம் என்று ஒரு துண்டு வந்தால் இந்தப் படம் முடிந்தது என்று பொருள். இலையில் கையை வைத்து மறைத்தால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார் அல்லவா, அதே கணக்கு. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

சண்டையும் வராமல் இல்லை. ஃபில்டர் ஒரு படத்தை வாங்கிப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் விரித்துக் கொடுக்க ஆரம்பிக்கும். கொடுத்து முடித்த பிறகும் இன்னொரு தடவை அது வாய் திறக்க வேண்டும் என்றார் அவர்.

"எதுக்கு?" என்றேன்.

"சரின்னு சொல்லிட்டுத்தான்க்கா ஆரம்பிக்கும். பாதி விரிக்கையில படம் கெட்டுப்போயிருக்குன்னு தெரியவந்தா? அதைச் சொல்லுததுக்கு ஒரு வழி வேணும்லா?"

"சரின்னு ஒரு தடவை சொன்னா சரிதான் தம்பி. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மட்டமா தாலி கட்டுதாங்க?"

"அப்ப கெட்டுப்போன படம் வந்தா ஃபில்டர் என்ன செய்யும்?"

"சாவட்டும்!"

"செத்துப்போனா மிச்சப் படத்தை யாருக்கா விரிப்பா?"

"நீயே உக்காந்து விரி!" என்று கத்திவிட்டேன். கோபம் வந்தால் என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். அவர் "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பதிலுக்குக் கத்தினாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ சரின்னு சொல்லிட்டு, பாதியில மாட்டேன்னு சொன்னதே இல்லையா?" என்று கேட்டார்.  மறுநாள் காலையில் தம்பிக்கு முன்னால் ஆபீஸ் போய், கடைசியில் ஃபில்டர் இன்னொரு தடவை பேசலாம் என்ற விதியை எழுதி வைத்தேன். தம்பி வந்து பார்த்தார். "டீ சொல்லட்டாக்கா?" என்றார். சண்டை அத்தோடு தீர்ந்தது.

அதற்குப் பிறகு அவரவர் பக்கத்தை அவரவர் எழுதினோம். என் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க நானே ஒரு பொய் ஃபில்டர் செய்துகொண்டேன். அவர் பக்கத்தைச் சோதிக்க அவர் ஒரு பொய் சாஃப்ட்வேர் செய்துகொண்டார். எனக்கு எல்லாம் ஜம்மென்று ஓடியது. அவருக்கும் ஓடியது. அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுதோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். "இந்த மட்டம் ஓடலைன்னா அந்த மத்தக் கம்பெனிக்காரனுக்குச் சரின்னு சொல்லிருவேன், என்னைய குறை சொல்லப்படாது" என்றார் அவர்.

பிறகு இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஓடவிட்டோம்.

ஒன்றும் நடக்கவில்லை. பிழை என்று ஏதாவது வந்தால்கூடப் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் இல்லை. கருப்புத் திரையில் ஒரு கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினோம், திரும்ப ஓட்டினோம். அதே சிமிட்டல். நான் என் பக்கத்தைப் பார்த்தேன், பழுதில்லை. அவர் தன் பக்கத்தைப் பார்த்தார், பழுதில்லை. "உங்க பக்கம்தான்" என்று நான் சொன்னேன். "என் பக்கம் ஓடுதுல்லாக்கா, காட்டினேம்லா" என்று அவர் சொன்னார். மறுநாளும் இதே பாட்டு. ஊமை கண்ட கனவு மாதிரி, இரண்டு புரோகிராமும் உள்ளே எதையோ வைத்துக்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்றது. நான் கீபோர்டை ஓங்கித் தட்டியதில் ஒரு பொத்தான் தெறித்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. 

அன்று சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். "நாளைக்கு லீவு வேணும்க்கா. விசாவுக்கு மெடிக்கல் போவணும்."

"என்னது? அண்ணாச்சிகிட்ட இன்னும் போவவே இல்ல, அதுக்குள்ள விசாவா?"

"கூட்டாளி இனிமே நிறுத்தி வைக்க முடியாதுங்கான். இது ஓடலைன்னா நான் என்னக்கா செய்ய? பிள்ளைக்குச் சோறு போடணும்லா?"

நியாயமான கேள்வி. அதனாலேயே "போ, போய்த் தொலை" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். 

மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து மேலப்பாளையத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், திட்டுவதற்கு என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன். அவர் வீட்டுக்கு அதற்கு முன் நான் போனதில்லை. தெருவில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்தில் அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவளை 'வாங்க' என்று சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாராவது அழைக்காமல் அடுத்த வீட்டுக்குள் காலை வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கூப்பிட்டால் கேட்டிருக்கும்தான். நான் கூப்பிடவில்லை. கல்லுளிமங்கி மாதிரி நின்றேன். கடைசியில் அடுக்களையிலிருந்து வந்த அவர் மனைவிதான் என்னைப் பார்த்துப் பதறி, "வாங்க வாங்க, எப்ப வந்திய? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார். லேப்டாப்பில் எங்கள் புரோட்டோகால்தான் திறந்திருந்தது. "மெடிக்கல் முடிஞ்சுதுக்கா. சும்மா உக்கார முடியல, இன்னொரு மட்டம் பாக்கலாம்னு" என்று இழுத்தார். திட்ட வந்தவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது பிள்ளை டியூஷன் முடிந்து வந்தது. வாசலில் நின்று கணீரென்று "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது. அடுக்களையிலிருந்து அம்மாவும், கூடத்திலிருந்து அப்பாவும் ஒரே நேரத்தில் "வஅலைக்கும் ஸலாம்" என்றார்கள். பிள்ளை செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தது. 

ரொம்ப நல்ல பிள்ளை. அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் வந்து, "வாப்பா, நான் கை கழுவிட்டு வரட்டுமா?" என்று கேட்டது. "வாப்பா, டிவி போட்டா உங்களுக்குச் சத்தமா இருக்குமா?" என்று கேட்டது. சொந்த வீட்டில், சொந்த அப்பாவிடம், ஊரிலிருந்து வந்திருக்கிற பெரிய மனிதரிடம் நடந்துகொள்கிற மாதிரி. அந்த வயதில் நான் என் அப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

அவர் மனைவி எனக்கு ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். தம்பி சார்ஜர் எடுக்க அடுத்த அறைக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடிட்டுன்னா வாப்பா போவமாட்டாங்களாமே? உம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா."

"ஓடுமா?"

நான் என்ன சொல்ல? ஆண்டவரே, இத்தனை வருஷம் எத்தனை கஸ்டமர் கேட்ட கேள்வி அது. எல்லாரிடமும் "ஓடிரும்" என்று யோசிக்காமல் சொன்னவள் நான். அந்தப் பிள்ளையிடம் வாய் வரவில்லை. ரோஸ்மில்க்கை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தம்பி, இங்கன வாங்க, லேப்டாப்பைத் தூக்குங்க" என்று கத்தினேன். அடுத்த வீட்டுத் தறி ஒரு நிமிஷம் நின்றது என்று இப்போதும் அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

"திரையைப் பாக்காண்டாம். உங்க ஃபில்டர் என்ன செய்யுதுன்னு வாயால சொல்லுங்க, பைய, நிதானமாச் சொல்லுங்க. எந்திரிச்ச உடனே முதல்ல என்ன செய்யும்?"

"காத்திருக்கும்க்கா."

"எதுக்கு?"

"நீங்க வந்து உங்க பேரையும், புரோட்டோகால்ல எந்தப் பதிப்பு பேசுவியன்னும் சொல்லுததுக்கு. நீங்க சொன்ன பொறவு நான் சொல்லுவேன்."

"நான் எதுக்கு முதல்ல சொல்லணும்?"

"நீங்கதானக்கா ஃபில்டரைத் தேடி வாரிய? வாரவங்கதான முதல்ல சலாம் சொல்லணும்?" என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏ தம்பி, நான் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கேன். வீட்டுக்காரன் வாங்கன்னு சொல்லாம நான் எப்படிலே உள்ள வாய் திறப்பேன்? உன் ஃபில்டர் வாங்கன்னு சொல்லட்டும்னுதான என் பக்கம் அங்கனயே நிக்கி!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆரம்பத்தில் இரு பக்கமும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் ஒழுங்காக எழுதியிருந்தோம். யார் முதலில் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே! நான் செய்த பொய் ஃபில்டர் எழுந்ததும் தானாக வரவேற்றது. அவர் செய்த பொய் சாஃப்ட்வேர் வந்ததும் தானாகச் சலாம் சொன்னது. அவரவர் மரியாதைப்படி இரண்டும் சரியாகத்தான் ஓடின. சேர்த்து வைத்தபோது ஒன்று வாசலில் நின்றது, ஒன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஊர் உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு தப்பைச் செய்வார்களா என்று தெரியவில்லை.

முதலில் அவர் சிரித்தார். பிறகு நான். அவர் மனைவி என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். பிள்ளை எங்களை மாறி மாறிப் பார்த்தது.

"சரிக்கா, என் பக்கத்தை மாத்திருதேன். ஃபில்டரே முதல்ல பேசட்டும்" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். எழுப்பி விடுதது நான்தான? நானே பேசுதேன். எனக்கு எந்தெந்தப் பதிப்பு தெரியும்னு முதல்ல சொல்லிருதேன், உங்களுக்குத் தோதானதை நீங்க எடுத்துக்கிடுங்க. நாளைக்கு வேற ஒருத்தன் வேற ஃபில்டர் எழுதினாலும் அதுதான் நல்லது." 

சண்டை போட்ட பிறகு நான் முதலில் பேசியதாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது. வீட்டுக்காரர் கேட்டால் காலண்டரில் குறித்து வைப்பார். ஒரு வரியை மாற்றினோம். அந்த விதியையும் எழுதினோம். ஓட்டினோம். படங்கள் மளமளவென்று விரிந்து வந்தன. தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவருக்கு. "ஓடிட்டா?" என்று பிள்ளை கேட்டது. "இங்க ஓடிட்டும்மா. இனி அண்ணாச்சி ஆபீஸ்ல ஓடணும்" என்றேன். அது உண்மையும்கூட. எங்கள் மேஜையில் ஓடியது எத்தனையோ வெளியே போய்ப் படுத்திருக்கிறது.

திசையன்விளைக்குப் பஸ்ஸில் போனோம். செம்மண் காடும் பனையும் காற்றாலையுமாக வழி நெடுக அவர் வெளியே பார்த்தபடி வந்தார். நான் இரண்டு தடவை சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிட்டார். துபாய்க் கூட்டாளி என்று எனக்குப் புரிந்தது. 

அண்ணாச்சி எங்களை உட்காரவைத்து, புதிதாக ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். "இதுல ஒண்ணுமே கிடையாது. எல்லாப் படமும் வரணும். நீங்க தட்டி விடுங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"எத்தனை நேரம் உக்காரச் சொல்லுதிய?"

தம்பி தட்டிவிட்டார். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. அண்ணாச்சி பாதி எழுந்த நிலையிலேயே நின்று பார்த்தார். எண் ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது.  தம்பி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். திரையில் ஒரு வரி வந்தது: இந்தப் படம் பாதிக்கு மேல் விரியவில்லை, கெட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான். அடுத்த நொடி எண் மறுபடியும் ஏற ஆரம்பித்தது. செத்துப்போகவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பாதியில் இல்லை என்று சொன்ன ஃபில்டர், மிச்சப் படங்களைச் சமர்த்தாக விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாவட்டும் என்று கத்தியது நான்தான். அதை நினைத்து எனக்கு வேர்த்தது.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் பெயரைப் படித்தார். "அடப்பாவிகளா! இது நம்ம டிரோன் பனைமரத்துல முட்டின அன்னைக்கு எடுத்தது. அது படமே பாதிதான் இருக்கு. இத்தனை நாளும் இது உள்ள கிடக்கதே தெரியாம இருந்திருக்கோம்."

சற்று நேரத்தில் எல்லாப் படமும் வந்து முடிந்தது. அண்ணாச்சியின் டீ நினைப்பு போயே போய்விட்டது.  எங்களைப் பார்த்து முறைத்தார்.

"இது முடியும்னா முன்னாலயே செஞ்சிருக்கலாம்லா? கண்ட கண்ட வடையைத் தின்னு வயித்தைக் கெடுத்திருக்க மாட்டேம்லா? சரி, அந்தக் கம்பெனிக்காரனை வராண்டாம்னு சொல்லிருதேன். நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி போனை எடுத்தார். "மச்சான், அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திரு" என்றார். அந்தப் பக்கம் என்னமோ கேட்டார்கள். "இல்ல மச்சான், யோசிச்சாச்சு. இங்கனயே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளிக்க ஜன்னலைச் சாத்தப் போனேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. அழுதேன். அதற்கென்ன இப்போது?

சில மாதம் போயிற்று. கிளை இருக்கிறது, மருந்துக்கடைக்காரர் பைக் வழியில் இருக்கிறது, அதற்கு என் சத்தமும் இருக்கிறது. ஒரு நாள் தம்பி ஆபீசுக்கு ரொம்ப நேரம் கழித்து வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார்.

"என்ன தம்பி, வீட்டுல சண்டையா?"

"பிள்ளைகூடக்கா. பரிட்சை முடியட்டும், அதுவரைக்கும் டிவி கிடையாதுன்னு ரிமோட்டை எடுத்து ஒளிச்சு வச்சேன். குதியோ குதின்னு குதிச்சிட்டா. பையைத் தூக்கி எறிஞ்சா. உம்மா அடிக்க வந்தாக்கூடப் பயப்படல. கதவைப் படார்னு சாத்திட்டு, உள்ள இருந்து கத்துதா: 'நீங்க துபாய்க்கே போங்க!'ன்னு."

"ஐயோ" என்றேன்.

"எட்டு வருஷமா 'எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க'ன்னு மட்டும்தான்க்கா கேட்டுக்கிட்டு இருந்தா" என்றார் அவர். கண் நிறைந்திருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னைக்குத்தான் முத மட்டமா என்னைய 'போங்க'ன்னு சொல்லியிருக்கா."